பாலத்தானின் இடது கால்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

போனில் பேசினால் நீ பேசுவாய், நான் கேட்பேன். அதனால்தான் எழுதுகிறேன். வழி தவறிவிடாமல் இருக்க, சொல்ல வந்ததை முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்.

1. என்மேல் நீ சாட்டும் குற்றம் என்ன என்பது.
2. என் கையில் உள்ள ஆயுதம் என்ன, அது எதற்கு என்பது.
3. பாலத்தான் இடது காலைத் தூக்கினால் அடுத்தது மிதிதான். ஆகவே அன்று உன்னைப் பின்னால் இழுத்தது சரி என்பது.
4. நீ பரிசாகக் கொடுத்த வாளை ஏன் எடுக்கமாட்டேன் என்பது.
5. இதை நான் கோபத்தில் எழுதவில்லை என்பது.

ஐந்தாவதில் எனக்கே கொஞ்சம் சந்தேகம் உண்டு. இருந்தாலும் எண் போட்டாயிற்று.

முதலாவது. இந்தக் கடிதத்தை அத்தான்தான் உனக்குப் படித்துக் காட்டுவார். அவர் கண்ணை மூடிக்கொண்டு மருந்து தெளிப்பவர் ஆகையால், நடந்ததை முழுதாகவே எழுதுகிறேன். கம்ப்யூட்டரில் நாம் ஆடும் சாம்பல்கோட்டை விளையாட்டில் நாம் நால்வர். வாளும் கேடயமுமாக முன்னால் நீ. உனக்குப் பின்னால் நான். எட்ட நின்று அம்பு விடப் பல் டாக்டர். காயத்துக்கு மருந்து தெளிக்க அத்தான். கல்பாலத்தைக் காக்கும் ராட்சதனை வீழ்த்தினால்தான் கோட்டைக்குள் போக முடியும். அவனுக்குப் பாலத்தான் என்று பெயர் வைத்ததே நீதான். ஆடினால் கடினமான ஆட்டம்தான் ஆடுவேன் என்று நீ ஒற்றைக்காலில் நின்றதால், நம் ஆயுதம் நம் ஆளையும் தாக்கும். ஒருவர் செத்தால் நால்வரும் பாலத்தின் தொடக்கத்துக்குத் திரும்ப வேண்டும்.

அன்று பாலத்தானின் உயிர்க்கோடு நகக்கண் அளவுக்குக் குறைந்திருந்தது. நீ வாளை ஓங்கினாய். அவன் இடது காலைத் தூக்கினான். நான் என் கொக்கியை உன் கவசத்தின் கழுத்துப்பட்டியில் மாட்டி இழுத்தேன். நீ மல்லாந்து விழுந்தாய். உன் வாள் காற்றை வெட்டியது. அதற்குள் அவன் சுதாரித்துக்கொண்டு கதாயுதத்தை வீசிப் பல் டாக்டரைக் கொன்றுவிட்டான்; நால்வரும் பாலத்தின் தொடக்கத்துக்குத் திரும்பினோம். பிறகு ஹெட்செட்டில் நீ சொன்னவற்றில், "இனிமே என் பின்னால நிக்காதே" என்பது ஒன்றுதான் எழுதத் தக்கது. மறுநாள் குழுவில் என் பெயர் இல்லை. ஆயுதப் பெட்டியில் எனக்கென்று ஒரு வாளும், "இதோட வர்றதுன்னா வா" என்ற குறிப்பும் இருந்தன.

இரண்டாவது. இதை ஹால்பர்ட் என்பார்கள். நான் கோடரி ஈட்டி என்கிறேன். ஆளைவிட நீளமான கழி. நுனியில் ஈட்டி, ஒரு பக்கம் கோடரி, மறுபக்கம் கொக்கி. இடைக்காலத்தில், தரையில் நிற்கும் படைவீரன் குதிரைமேல் வருபவனைக் கீழே இழுக்க வைத்திருந்தது. குத்தும், வெட்டும், இழுக்கும். இந்த விளையாட்டில் முதல் இரண்டைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். இழுப்பதைப் பழகியவன் நான்.

மூன்றாவது. பாலத்தானோடு நாம் மோதிய ஒவ்வொரு முறையும் அவன் கால்களைப் பார்த்து வந்திருக்கிறேன். இடது கால் மேலே போனால் மிதி விழும். விதிவிலக்கு கிடையாது. மிதிபட்டவர் பிழைத்ததும் கிடையாது.

நான்காவது. உன் வாளைப் பயிற்சிக் களத்தில் எடுத்துப் பார்த்தேன். நல்ல வாள்தான். ஆனால் வாளோடு ராட்சதனை நெருங்கினால் அவன் தொப்புள் மட்டுமே தெரிகிறது. கழி நீளம் தள்ளி நின்றால்தான் கால் தெரியும். காலைப் பார்க்காமல் என்னால் ஒரு வேலையும் செய்ய முடியாது. முப்பது வருடம் கட்டடம் கட்டடமாக லிஃப்ட் சோதித்தவன். பெட்டியின் அழகைப் பார்க்க எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை. மேலே ஏறிக் கயிற்றைப் பார்க்கத்தான் கொடுத்தார்கள்.

ஐந்தாவது. நீ சொன்ன பள்ளியில் படித்தேன். நீ சொன்ன படிப்பைப் படித்தேன். நீ பார்த்த பெண்ணைக் கட்டிக்கொண்டேன். மூன்றும் நன்றாகவே அமைந்தன, மறுக்கவில்லை. ஆனால் வாளை எடுக்கமாட்டேன். கழியோடு சேர்ப்பதானால் சேர்த்துக்கொள்.

பக்கத்தில் நின்று இவள் கேட்கிறாள்: "அக்காவுக்கா? நீங்களா? தபால்பெட்டிக்குப் போறதுக்குள்ள மனசு மாறிடுமே, நான் வேணா போட்டுட்டு வரட்டா?"

நானே போடுகிறேன்.

உன் தம்பி

ஜூன் 11

டேய் தம்பி,

லெட்டர் வந்துச்சு. எனக்கு நம்பர் போட்டு லெட்டர் எழுதின முதல் ஆள் நீதான். உன் அத்தான் சத்தமா படிச்சாரு. மருந்து தெளிக்கிறவர்ங்கற இடத்துல மட்டும் தொண்டையைக் கனைச்சுக்கிட்டாரு.

ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். அவனுக்கு இருந்தது நகக்கண் அளவு உசுரு. என் வாள் வயித்துல இறங்க வேண்டியதுதான் பாக்கி. கைக்கு எட்டினது வாய்க்கு எட்டலைன்னு ஊர்ல சொல்லுவாங்க. எனக்குக் கைக்கு எட்டினதைக் கூடப் பொறந்தவனே கொக்கி போட்டு இழுத்தான். இதை யார்கிட்டப் போய்ச் சொல்ல?

கோடரி ஈட்டியாம். தொரட்டிடா அது. காய் பறிக்கலாம், ஒட்டடை அடிக்கலாம். இடைக்காலத்துல எவன் எதை வெச்சிருந்தா எனக்கென்ன? அவன் அக்காவையா இழுத்தான்?

முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூல் நடத்தினவ நான். ஸ்டீயரிங்கைப் பிடிச்சுக்கிட்டு நடுரோட்டுல கைகால் நடுங்கி உக்காந்தவங்க எத்தனை பேரு. "முன்னாடி பாரு, போ, போ"ன்னு சொல்லியே ஓட்ட வெச்சிருக்கேன். என் கையில கத்துக்காம தப்பிச்சது ஒரே ஆள். மூணு நாள் கார்ல வந்தான், நாலாம் நாள் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போயிட்டான். யாருன்னு உனக்கே தெரியும்.

நீ எப்பவுமே இழுக்கிறவன்டா. மழை வரும்ப, ரோடு சரியில்லைம்ப, இன்னொரு தடவை யோசிக்கலாம்ப. சொந்த வாழ்க்கையில இழுத்துக்கோ. என் கழுத்துப்பட்டியில கை வைக்காதே.

உன் இடத்துக்கு ஆள் வந்தாச்சு. பல் டாக்டரோட மாமனார். ரெண்டு கையாலயும் தூக்கற பெரிய வாள் வெச்சிருக்காரு. வந்ததும், "நீங்க நகருங்கம்மா, அவனை நான் பாத்துக்கறேன்"ன்னாரு. அந்த வேகம் பிடிச்சிருக்கு எனக்கு.

வாள் பெட்டியில இருக்கு. எடுத்துக்கிட்டு வந்தா அஞ்சாவது ஆளா நிக்க வெச்சு, யாராவது வராத அன்னைக்கு ஆடவிடறேன். தொரட்டியோட வராதே.

அக்கா

மாப்ளே, அடியில இடம் இருந்ததால எழுதறேன். நான் கண்ணை மூடிக்கிட்டுத் தெளிக்கலை. கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருந்தேன். — அத்தான்

ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை எண் போடவில்லை. சொல்ல ஒன்றுதான் இருக்கிறது.

உன் டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக் இரண்டு. கற்பவன் காலடியில் ஒன்று, பக்கத்து இருக்கையில் உன் காலடியில் ஒன்று. அந்த மூன்று நாளும் ரோட்டை நான் சரியாகப் பார்க்கவில்லை; உன் செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். "போ, போ" என்று உன் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. கால் மட்டும் பிரேக்கை விட்டு நகரவே இல்லை. லாரி குறுக்கே வந்தபோது என்னிடம் கேட்டுவிட்டா மிதித்தாய்? மிதித்துவிட்டு, "வண்டி நின்னுச்சுல்ல, மூச்சு விடு" என்றாய்.

என் கொக்கி அந்த இரண்டாவது பிரேக். வேறொன்றும் இல்லை.

நான் சொல்வது சரிதானா என்று இரண்டு தரம் படித்துப் பார்த்தேன். சரியென்றுதான் படுகிறது. நான் இழுக்கிறவன் என்று எழுதியிருக்கிறாய். ஆமாம். யாரும் நன்றி சொல்லாத வேலை அது. இழுத்ததால் ஒன்றும் நடக்காமல் போகிறது. நடக்காததை எவன் பார்த்தான்? நான் எத்தனையோ லிஃப்டைப் பூட்டிச் சீல் வைத்திருக்கிறேன். படியேறிப் போனவர்கள் என்னைத் திட்டிக்கொண்டேதான் போனார்கள். உயிரோடு ஏறிப் போனார்கள் என்பதுதான் எனக்கு முக்கியம்.

அஞ்சாவது ஆளாக வாளோடு நிற்க வரமாட்டேன். வேறு குழு தேடிக்கொள்கிறேன். அறிமுகமில்லாதவர்களோடு பேச எனக்கு வராது. பரவாயில்லை.

அத்தானுக்கு: மன்னிக்கவும், கண்ணாடி துடைத்ததாகத் திருத்திக்கொள்கிறேன்.

உன் தம்பி

ஜூன் 27

டேய்,

பிரேக்கா? எனக்கே பிரேக் கதையா?

நல்லாக் கேட்டுக்கோ. நான் பிரேக் போட்டது ஓட்டத் தெரியாதவனுக்கு. நான் யாரு? உனக்கு ஸ்டூடன்ட்டா? இந்த விளையாட்டை உனக்குச் சொல்லிக் கொடுத்ததே நான். மவுஸைத் தலைகீழாப் பிடிச்சுக்கிட்டு, "அக்கா, அம்புக்குறி கீழ போகுது"ன்னு அழுதவன் நீ. என் வண்டியில என் பக்கத்துல உக்காந்து எனக்கே பிரேக் போடுவியா?

உன் லெட்டரைப் படிச்சு முடிச்சுட்டு உன் அத்தான் சிரிச்சாரு. "என்ன சிரிப்பு?"ன்னேன். "ஒண்ணுமில்ல, உன் செருப்பை நானும் பாத்திருக்கேன்"ங்கறாரு. அவரோடயும் இன்னைக்குப் பேச்சு வார்த்தை கிடையாது.

மாமனார் எப்படி ஆடறாருன்னு நீ கேக்கலை. ஆனா கேக்கணும்னு துடிச்சிருப்ப. நல்லாத்தான் ஆடறாரு. ரெண்டு தடவை என் கேடயத்துலயே வெட்டினாரு. ஒரு தடவை பாலத்தை விட்டே ஓடி விழுந்தாரு. விழும்போதும் "அவனை நான் பாத்துக்கறேன்"னுதான் விழுந்தாரு. பழகிடுவாரு.

வேற குழு தேடறியாமே. தேடு. உனக்கு ரோஷம் வந்து பாத்ததில்லை, பாத்துடறேன். பந்தயம் கட்டலாமா? பாலத்தை முதல்ல நான் தாண்டிட்டா தொரட்டியை உடைச்சுப் போட்டுட்டு வாளை எடுக்கணும், அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. நீ முதல்ல தாண்டினா அதோடயே வந்து என் பின்னால நில்லு, நான் வாயைத் திறக்கலை.

ஒத்துக்க மாட்ட. "யோசிச்சுச் சொல்றேன்"னு எழுதுவ. எனக்குத் தெரியாதா?

அக்கா

ஜூலை 6

அன்புள்ள அக்காவுக்கு,

யோசித்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

விளையாட்டில் ஆயுதத்தை உடைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது என்பதை அறிந்தே ஒத்துக்கொள்கிறேன். இந்தக் கழியில் கொக்கி சரியாக மாட்டும் கோணத்தைக் கை பழகவே எனக்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று. இன்னொன்று பழகும் வயது இல்லை. ஆக, தோற்றால் எனக்கு இந்த விளையாட்டே இல்லை; வாளோடு நிற்பேன், ஆனால் நின்றுகொண்டு மட்டும் இருப்பேன். இது மிரட்டல் இல்லை. நிலைமையைச் சொல்கிறேன்.

குழு கிடைத்துவிட்டது. மருந்துக்கடைக்காரர் ஒருவர், வாளும் கேடயமும் பிடிக்கிறார். அவர் மனைவி அம்பு. மருந்து தெளிக்க ஒருவர் இருக்கிறார், அவர் பேசுவதே இல்லை, பேரும் சொல்லவில்லை. நாங்கள் அவரை ஊமையார் என்கிறோம், அதற்கும் மறுப்பில்லை.

முதல் நாள் மருந்துக்கடைக்காரரை இழுத்தபோது அவர் கத்திவிட்டார். "யாருய்யா அது பின்னால பிடிச்சு இழுக்கறது?"

"நான்தான். மன்னிக்கணும். மிதி வந்தது."

"சொல்லிட்டு இழுக்கக் கூடாதா சார்?"

"சொல்லி முடிக்கறதுக்குள்ள மிதிச்சுடுவான்."

அவர் மனைவி சொன்னாள்: "நீங்க இழுங்க சார். வீட்ல நான் இழுத்தா நிக்கறதில்லை, இங்கயாவது நிக்கட்டும்."

அவர்களிடம் ஒரு விதி சொல்லியிருக்கிறேன். இடது கால் மேலே போனால் கேள்வியில்லை, இழுப்பேன். உன்னிடம் இப்படி முதலிலேயே சொல்லிவைக்கவில்லை. சொல்லியிருந்தால் விட்டிருப்பாயா என்று தெரியவில்லை. ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

இன்னும் தாண்டவில்லை. நீயும் தாண்டவில்லை என்று அத்தானிடமிருந்து ஒரு வரி வந்தது. அவரைத் திட்டாதே.

உன் தம்பி

ஜூலை 20

தம்பிக்கு,

அத்தானைத் திட்டலை. திட்டி முடிச்சாச்சு.

மாமனார் போயிட்டாரு. நான் ஏதோ சொன்னேனாம். "ஐயா, வாள் அடுத்தவங்க மேல படாம சுத்துங்க"ன்னுதான் சொன்னேன். கொஞ்சம் சத்தமா சொல்லியிருப்பேன். பல் டாக்டரும் ரெண்டு நாளா வரலை. மாமனாரை நான் பேசினதுக்கு அவர் வீட்ல பேச்சு வாங்கறாராம்.

நேத்து நானும் அத்தானும் மட்டும் பாலத்துக்குப் போனோம். ரெண்டு பேரால ஆகாதுன்னு தெரியும். சும்மா போனோம். நல்லாத்தான் அடிச்சேன். திடீர்னு திரை சிவப்பாச்சு, செத்துட்டேன். "என்ன ஆச்சு?"ன்னு கேட்டேன். "மிதிச்சுட்டான்"ன்னாரு அத்தான். "எந்தக் கால்?"னேன். "இடது"ன்னாரு. இன்னொரு தடவை போனோம். இன்னொரு தடவையும் இடது கால். நான் ஒரு தடவை கூடப் பாக்கலை. நீ சொன்ன மாதிரி தொப்புள்தான் தெரியுது.

ஆகவே சொல்றேன். ஒரு தடவைதான் சொல்லுவேன், திருப்பிக் கேக்காதே. உன் மூணாவது பாயிண்ட் சரி. அன்னைக்கு நீ இழுத்தது சரி.

பந்தயத்தை விட்டுடலாம். தொரட்டியை எடுத்துக்கிட்டு வா. கெஞ்சறேன்னு நினைச்சுக்காதே. ஆள் குறையுது, அவ்வளவுதான்.

அக்கா

மாப்ளே, இதை எழுத அவளுக்கு மூணு தாள் ஆச்சு. ரெண்டைக் கிழிச்சுப் போட்டுட்டா. — அத்தான்

ஜூலை 29

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பதில் எழுத உட்கார்ந்து இரண்டு முறை எழுந்துபோய்விட்டேன். இவள், "அக்காவே இறங்கி வந்தாச்சு, இன்னும் என்ன யோசனை? சரின்னு ஒரு வார்த்தை எழுதிட்டு வாங்க, சாப்பாடு ஆறுது" என்றாள். ஒரு வார்த்தை போதாது.

பந்தயத்தை விட வேண்டியதில்லை. உன் கடிதம் வந்த அன்று மாலையே நாங்கள் பாலத்தைத் தாண்டிவிட்டோம். ஆகவே நான் கழியோடு வருவது நீ இரங்கியதால் அல்ல, நான் ஜெயித்ததால். இதைத் தெளிவாக எழுதிவைக்க விரும்புகிறேன். கழி என்னுடன் இருக்கும். உன் பின்னால் நிற்பேன். இழுக்கத் தோன்றினால் இழுப்பேன், அனுமதி கேட்கமாட்டேன். நீ வாயைத் திறக்கமாட்டேன் என்று ஒத்துக்கொண்டிருக்கிறாய். மருந்துக்கடைக்காரரும் மனைவியும் நம்மோடு வரட்டும், பல் டாக்டர் திரும்ப வந்தால் அவரும். ஊமையாரைக் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. வருவார் என்று எடுத்துக்கொள்கிறேன். எழுவர் வரை ஆடும் ஆட்டமும் கோட்டைக்குள் உண்டு. அவர்களிடம் சத்தம் போடாதே. போட்டால் நான் அவர்களோடு போய்விடுவேன். இதுவும் மிரட்டல் இல்லை என்று எழுத வந்தேன். மிரட்டல்தான்.

இனித் தாண்டிய கதை. இதை எழுதாமல் விட்டால் உனக்குத் தெரியவே போவதில்லை. அதனால்தான் எழுதியாக வேண்டியிருக்கிறது.

அன்று ஆட்டம் நன்றாக நடந்தது. நாலு தரம் இடது கால் மேலே போயிற்று, நாலு தரமும் மருந்துக்கடைக்காரரை இழுத்தேன், நாலு தரமும் மிதி வெறுந்தரையில் விழுந்தது. அவர் இப்போதெல்லாம் கத்துவதில்லை, "தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்ப முன்னால் ஓடுகிறார். பாலத்தானின் முழங்காலில் கொக்கி மாட்டி ஒருமுறை அவனையே சாய்த்தேன். அவர் மனைவி கைதட்டியது ஹெட்செட்டில் கேட்டது.

அவன் உயிர்க்கோடு நகக்கண் அளவுக்கு வந்தது. அவ்வளவு தாழ்வாக அதை நான் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன். உன்னோடு, அன்று. இடது கால் மேலே போயிற்று. மருந்துக்கடைக்காரர் நேர் கீழே நின்றார். கொக்கியை வீசினேன். வியர்வையில் மவுஸ் வழுக்கிவிட்டது. கொக்கி எட்டவில்லை.

"சார், இழுங்க!" என்று மனைவி கத்தினாள்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தானைக் கேலி செய்தவன்.

மிதி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது பாலத்தான் ஒற்றைக்காலில் தள்ளாடிக்கொண்டிருந்தான். தூக்கிய கால் பக்கவாட்டில் இறங்கியது, முழங்கால் மடங்கியது, அவன் குனிந்தான். மருந்துக்கடைக்காரர் வாளை ஓங்கினார். முடிந்தது. ஊமையார் முதன்முறையாகப் பேசினார். "அப்பாடா" என்றார். பெண்குரல். எங்களுக்கு அது வேறு அதிர்ச்சி.

எல்லாரும் கோட்டைக்குள் ஓடினார்கள். நான் பாலத்திலேயே நின்றுவிட்டேன். புதிதாக ஆட்டம் தொடங்கினால் பாலத்தான் மீண்டும் அங்கே நிற்பான் என்பதால், மறுநாளும் அதற்கு மறுநாளும் அவர்களை வற்புறுத்திப் பாலத்துக்கு அழைத்துப் போனேன். சாகும் தறுவாய்க்கு அவனைக் கொண்டுவந்து, யாரையும் இழுக்காமல் காலை மட்டும் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அதேதான். அவன் தெம்பாக இருக்கும்போது இடது கால் மேலே போனால் அது மிதி. சாகப் போகும்போது மேலே போனால் அது தள்ளாட்டம். வெட்டுவதற்கு அதைவிட நல்ல நேரம் கிடையாது. அந்த நேரத்தில் வெட்டாமல் விட்டால்தான் நிமிர்ந்துகொள்கிறான்.

அவன் தெம்பாக இருந்தபோது பார்த்ததையெல்லாம் வைத்து, சாகப் போகிறவனுக்கும் சேர்த்து விதி எழுதிவிட்டேன். காலிப் பெட்டியை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஆட்கள் ஏறிய லிஃப்டுக்குச் சான்றிதழ் எழுதுவது போல. என் கீழ் வேலை பார்த்தவன் அப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன்.

உன்னை இரண்டு முறை மிதித்தான் என்று எழுதியிருந்தாயே, அப்போது அவன் தெம்பாக இருந்திருப்பான். அதை வைத்து எனக்கு ஒப்புதல் கொடுத்துவிட்டாய். வாழ்க்கையில் நீ எனக்குக் கொடுத்த முதல் ஒப்புதல் அது. வைத்துக்கொள்ள ஆசையாகத்தான் இருக்கிறது. திருப்பி அனுப்புகிறேன்.

முதல் கடிதத்தின் மூன்றாவது குறிப்பு தவறு, அக்கா. அன்று நான் இழுக்காமல் இருந்திருந்தால் நீ ஜெயித்திருப்பாய்.

உன் தம்பி